ஒளிந்து ஆடும் கேம்ஸ்: புகழ் நிறைய, விற்பனை குறைவு ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒன்றிரண்டு கேம்ஸை இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை என்ற வகையில் இருக்கும். இவற்றுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. திரையை ஒரு நிமிடம் பார்த்தாலே என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும்.

கேம்ஸ் உலகில் இன்னொரு வகையும் உண்டு. அதில் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுவதற்குப் பெரிய மரியாதை கிடையாது. காவலாளிகள் யாருடைய கண்ணிலும் படாமல் உள்ளே நுழைந்து, வேலையை முடித்து, வந்த சுவடு தெரியாமல் வெளியேறினால்தான் வெற்றி. இவற்றை ஸ்டெல்த் கேம்ஸ் என்கிறார்கள். ஸ்டெல்த் என்றால் ஓசைப்படாமல், பிறர் கவனத்திற்கு வராமல் செயல்படுவது என்று பொருள். நம் ஊர்க் கண்ணாமூச்சியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த வகை கேம்ஸ்களின் வரலாறு விநோதமானது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துப் பாராட்டுவார்கள். ஆடியவர்கள் இருபது ஆண்டுகள் கழித்தும் மறக்க மாட்டார்கள். ஆனால் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களில் பல இன்று இல்லை. இவ்வளவு பேர் விரும்பும் ஒரு பொருள் ஏன் விற்பனையில் திணறுகிறது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதைப் புரிந்து கொண்டால், ஒரு கேம் எப்படித் தயாராகிறது, நாம் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

எங்கே தொடங்கியது?

ஒளிந்து ஆடும் எண்ணம் பழையது. 1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வந்த காசில் உல்ஃபென்ஸ்டைன் என்ற கேமில், ஒரு கைதி நாஜிகளின் கோட்டையிலிருந்து தப்ப வேண்டும். 1987-ல் ஜப்பானில் மெட்டல் கியர் வந்தது. ஆனால் இந்த வகை தனக்கென ஓர் இடம் பிடித்தது 1998-ல்தான். அந்த ஒரே ஆண்டில் டென்சு, மெட்டல் கியர் சாலிட், கமாண்டோஸ், தீஃப் ஆகிய நான்கும் வெளிவந்தன. முதல் இரண்டும் சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்கானவை. அடுத்த இரண்டும் கம்ப்யூட்டருக்கானவை.

இவற்றில் மெட்டல் கியர் சாலிட் பல லட்சக்கணக்கில் விற்றது. ஸ்பெயின் நாட்டில் தயாரான கமாண்டோஸும் நன்றாகவே விற்றது. ஆகவே ஸ்டெல்த் கேம் என்றாலே விற்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த வகையின் இலக்கணத்தை முழுமையாக வகுத்தது எது என்று கேட்டால், பலரும் நான்காவதைத்தான் சொல்வார்கள். அதன் கதையே நம் கேள்விக்கும் நல்ல தொடக்கம்.

தீஃப் சொல்லும் பாடம்

தீஃப் என்றால் திருடன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் இதனைத் தயாரித்தது. ஐடாஸ் நிறுவனம் வெளியிட்டது. காரெட் என்ற திருடனாக நாம் மாளிகைகளுக்குள் நுழைய வேண்டும். திரையின் அடியில் ஒரு சிறிய ரத்தினக் கல் தெரியும். நாம் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும். இருட்டில் நின்றால் மங்கிவிடும். அது மங்கி இருக்கும்வரை காவலாளி மிக அருகில் வந்தாலும் நம்மைப் பார்க்கத் திணறுவான்.

வெளிச்சத்தைப் போலவே சத்தமும் முக்கியம். கம்பளத்தில் நடந்தால் காலடி கேட்காது. கல் தரையில் கேட்கும். இரும்புத் தரையில் ஓடினால் பக்கத்து அறைக் காவலாளியும் திரும்பிப் பார்ப்பான். நம்மிடம் உள்ள அம்புகளில் ஒன்று நீர் அம்பு. அதை எய்து தீப்பந்தத்தை அணைத்து, நமக்கு வேண்டிய இருட்டை நாமே உண்டாக்கிக் கொள்ளலாம். பாசி அம்பை எய்தால் தரையில் பாசி படர்ந்து காலடிச் சத்தம் அடங்கும். மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் மனிதர் யாரையும் கொல்லவே கூடாது என்பது நிபந்தனை.

இந்தக் கேம் 2000-ம் ஆண்டு மே மாதத்திற்குள் 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. லுக்கிங் கிளாஸ் தயாரித்தவற்றுள் அதிகம் விற்றது இதுதான். 2000 மார்ச்சில் இரண்டாம் பாகமும் வெளிவந்து பாராட்டைப் பெற்றது. ஆனால் அதே ஆண்டு மே 24 அன்று அந்த ஸ்டுடியோ மூடப்பட்டது. பாராட்டு மழை ஓய்வதற்குள் தயாரித்தவர்கள் வேலை இழந்தார்கள்.

இதற்கு தீஃப் மட்டும் காரணம் இல்லை. அந்த நிறுவனம் தயாரித்த விமானம் ஓட்டும் கேம்ஸில் செலவு மிகுந்து வரவு குறைந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மிக நன்றாக விற்ற ஒரு கேமால் தன் நிறுவனத்தின் மற்ற நஷ்டங்களைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கான விடை, இந்த வகை கேம்ஸின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. அதனைக் காரணம் காரணமாகப் பார்ப்போம்.

காரணம் 1: செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை

துப்பாக்கிச் சண்டை கேமில் ஓர் எதிரி திரையில் உயிரோடு இருப்பது சில வினாடிகள்தான். அவன் ஓடி வர வேண்டும், சுட வேண்டும், விழ வேண்டும். அவ்வளவுதான். ஸ்டெல்த் கேமில் அதே எதிரியை நாம் ஒரு மூலையில் பதுங்கியபடி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கூர்ந்து பார்க்கிறோம். அவன் எந்த வழியாக நடக்கிறான், எங்கே திரும்புகிறான், என்ன முணுமுணுக்கிறான் என்று மனப்பாடம் செய்கிறோம். அதில் சிறு பிசகு இருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே அந்தக் காவலாளியின் மூளையாகச் செயல்படும் புரோகிராமை மிகக் கவனமாக எழுத வேண்டும். அவனுக்குப் பல மனநிலைகள் வேண்டும். முதலில் நிம்மதியாக நடப்பான். ஏதோ கேட்டால் சந்தேகப்பட்டு நிற்பான். மீண்டும் கேட்டால் தேடி வருவான். நேரில் பார்த்துவிட்டால் கூச்சலிட்டு மற்றவர்களை அழைப்பான். யாரும் கிடைக்காவிட்டால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவான். ஒவ்வொரு நிலைக்கும் தனி அசைவு, தனி வசனம் வேண்டும். இப்போது அவன் எந்த மனநிலையில் இருக்கிறான் என்பது ஆடுபவருக்குப் புரியவும் வேண்டும்.

இத்துடன் முடியவில்லை. சத்தம் எந்தக் கதவு வழியாக எந்த அறைக்குப் போகும், எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதெல்லாம் கணக்கிடப்பட வேண்டும். ஒரு மாளிகைக்குள் நுழைய வாசல், ஜன்னல், கூரை, சாக்கடை என்று நான்கு வழிகள் வைத்தால், நாம் ஒன்றில்தான் போவோம். மற்ற மூன்றும் நாம் பார்க்காமலே கிடக்கும். ஆனால் நான்கையும் அமைத்துச் சோதித்துப் பார்க்கும் செலவு தயாரிப்பாளருடையது. கண்ணைப் பறிக்கும் வெடிவிபத்துக் காட்சிக்குச் செலவிட்ட பணம் விளம்பரத்தில் தெரியும். இந்தச் செலவு தெரியாது.

காரணம் 2: கடையில் காட்ட முடியாது

டியூப் லைட் எரியும் ஒரு கடையில், இரைச்சலுக்கு நடுவே, இந்தக் கேமை ஓட்டிக் காட்டினால் என்ன தெரியும்? கறுப்புத் திரைதான் தெரியும். காலடி ஓசை எதுவும் கேட்காது. பார்ப்பவர் "கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டதா?" என்று கேட்டாலும் கேட்பார்.

இன்று கடைக்குப் பதில் இன்டர்நெட்டில் இரண்டு நிமிட டிரெய்லர் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அங்கேயும் இதே சிக்கல்தான். ஸ்டெல்த் கேமின் சுவை காத்திருப்பதில் இருக்கிறது. குளக்கரையில் கொக்கு நிற்பதை வீடியோ எடுத்துக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? மீனுக்காக நிற்பது கொக்குக்குத்தான் பரபரப்பு. கரையில் இருப்பவருக்கு இல்லை. காவலாளி நம்மைத் தாண்டிப் போகும் அந்த நான்கு வினாடிகளில் ஆடுபவருக்கு நெஞ்சு அடித்துக் கொள்ளும். பார்ப்பவருக்குத் திரையில் ஒருவர் சும்மா நிற்பது மட்டுமே தெரியும்.

இதனால் விளம்பரம் தயாரிப்பவர்கள், கேமில் அபூர்வமாக வரும் சண்டைக் காட்சிகளைத் தொகுத்து டிரெய்லராக வெளியிடுவது உண்டு. அதை நம்பி வாங்குபவர் ஏமாறுகிறார். பொறுமையான கேமைத் தேடுபவரோ, இது தனக்கானது இல்லை என்று விலகிவிடுகிறார்.

காரணம் 3: ஒரு தவறு, பத்து நிமிட நஷ்டம்

சண்டை கேமில் தவறு செய்தால் கொஞ்சம் அடி வாங்குவோம். பிறகு சமாளித்துக் கொள்வோம். ஸ்டெல்த் கேமில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடப் பொறுமையும் ஒரு நொடியில் வீணாகும். அலாரம் அடிக்கும். பத்துப் பேர் ஓடி வருவார்கள். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் பலருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. நார்வே நாட்டின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் தயாரித்து 2000-ல் வெளிவந்த ப்ராஜெக்ட் ஐஜிஐ. பிரவுசிங் சென்டர்களிலும் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் இதை ஆடாத மாணவர்கள் குறைவு என்றே சொல்லலாம். அது துப்பாக்கி கேம்தான். ஆனாலும் கேமராவில் படாமல், அலாரம் அடிக்க விடாமல் போனால்தான் பிழைக்க முடியும். ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்யும் வசதியே அதில் கிடையாது. கடைசி அறையில் செத்தாலும் முதல் வேலியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நாட்களில் நான் பார்த்த ஐஜிஐ சிடிக்களில் பெரும்பாலானவை காப்பி எடுக்கப்பட்டவை. ஊரெல்லாம் ஆடியது, அதற்கேற்ற பணம் நார்வேக்குப் போகவில்லை. 2003-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டில் அந்த ஸ்டுடியோவும் மூடப்பட்டது. புகழும் வருமானமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

இன்று இன்னொரு கணக்கும் சேர்ந்துள்ளது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 முதல், வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால், கேமைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். வாங்குபவருக்கு நல்ல வசதி. ஆனால் ஒரு ஸ்டெல்த் கேமின் முதல் 2 மணி நேரம் பெரும்பாலும் மாட்டிக்கொண்டு கற்கும் நேரம். சுவை பிடிபடுவது அதற்குப் பிறகுதான்.

காரணம் 4: எளிதாக்கினால் பழையவர்கள் போவார்கள்

அப்படியானால் கொஞ்சம் எளிதாக, வேகமாகத் தயாரிக்கலாமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2002-ல் ஸ்ப்லின்டர் செல் என்ற கேமை வெளியிட்டது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி அணிந்த சாம் ஃபிஷர் என்ற உளவாளியின் கதை. பெரும் வரவேற்பைப் பெற்றது. 2010-ல் வந்த கன்விக்‌ஷன் பாகத்தில் வேகத்தைக் கூட்டி, எதிரிகளைக் குறித்து வைத்து ஒரே நேரத்தில் சுட்டு வீழ்த்தும் வசதியைச் சேர்த்தார்கள். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2013-ல் வந்த பிளாக்லிஸ்ட் பாகத்தில் பதுங்கி ஆடவும் பாய்ந்து ஆடவும் வழி வைத்தார்கள். முதல் சில மாதங்களில் 20 லட்சம் பிரதிகள் விற்றும், எதிர்பார்த்த அளவு இல்லை என்றது நிறுவனம். அதன் பிறகு அந்த வரிசையில் புதிய பாகம் வரவில்லை. பழைய முதல் பாகத்தைப் புதுப்பிக்கப் போவதாக மட்டும் 2021-ல் அறிவித்தார்கள்.

தீஃப் கதையும் இப்படித்தான். லுக்கிங் கிளாஸ் மூடிய பிறகு, அதன் ஊழியர்கள் சிலர் சேர்ந்திருந்த அயான் ஸ்டார்ம் என்ற நிறுவனம் 2004-ல் மூன்றாம் பாகத்தைத் தயாரித்தது. 2005-ல் அதுவும் மூடப்பட்டது. 2014-ல் வேறொரு குழு புதிய தீஃப் ஒன்றை வெளியிட்டது. அதில் நினைத்த இடத்தில் தாவிக் குதிக்க முடியாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே முடியும். காரெட்டின் பழைய குரலும் மாறியிருந்தது. பழைய ரசிகர்கள் ஏமாற்றம் அடைந்தார்கள். புதியவர்களும் பெரிதாகத் திரண்டு வரவில்லை.

காரணம் 5: மற்றவர்கள் எடுத்துக் கொண்டார்கள்

புதரில் ஒளிவது, பின்னால் சென்று சத்தமின்றி வீழ்த்துவது போன்றவை இன்று எத்தனையோ கேம்ஸில் உண்டு. 2007-ல் தொடங்கிய அசாசின்ஸ் க்ரீட், 2009-ல் வந்த பேட்மேன்: ஆர்கம் அசைலம் ஆகியவை பெரும் வெற்றி பெற்றன. அவற்றில் ஒளிந்து ஆடுவது ஒரு பகுதி மட்டுமே. மாட்டிக்கொண்டால் சண்டை போட்டுத் தப்பலாம். ஒரே விலையில் சண்டை, கதை, ஒளிந்து ஆடுதல் மூன்றும் கிடைக்கும்போது, ஒளிந்து ஆடுதல் மட்டும் உள்ள கேமைத் தனியாக ஏன் வாங்க வேண்டும் என்று சாதாரண வாடிக்கையாளர் நினைப்பது இயல்பு. சாம்பார், ரசம், பொரியலோடு முழுச் சாப்பாடு கிடைக்கும்போது, ரசத்துக்கு மட்டும் தனிக் கடை வைத்தவர் பாடு திண்டாட்டம்தான். அவருடைய ரசம் ஊரிலேயே சிறந்ததாக இருந்தாலும்!

மிமிமி: நன்றாகச் செய்தும் முடியவில்லை

மேலே சொன்ன ஐந்து காரணங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதைச் சமீபத்தில் பார்த்தோம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் மிமிமி கேம்ஸ் என்ற சிறிய ஸ்டுடியோ இருந்தது. கமாண்டோஸ் போல மேலிருந்து பார்த்து ஆடும் வகையை மீண்டும் உயிர்ப்பித்தவர்கள் இவர்கள். 2016-ல் பழைய ஜப்பானில் நடக்கும் ஷேடோ டாக்டிக்ஸ், 2020-ல் அமெரிக்கக் கௌபாய் கதையான டெஸ்பராடோஸ் 3 என்று அடுத்தடுத்து வந்தவை பாராட்டுப் பெற்றன.

புதியவர்களின் சிரமத்தையும் இவர்கள் யோசித்தார்கள். நீங்கள் கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரம் ஆனது என்று திரையிலேயே நினைவூட்டுவார்கள். 2023 ஆகஸ்ட் 17 அன்று கடற்கொள்ளையர் கதையான ஷேடோ காம்பிட் வெளிவந்தது. அதில் சேவ் செய்வதையே கதையின் ஒரு பகுதியாக்கி, பேசும் ஒரு கப்பல் நம் நினைவுகளைப் பிடித்து வைப்பதாக அமைத்திருந்தார்கள். விமர்சனங்கள் மிக நன்றாக இருந்தன.

சரியாகப் பன்னிரண்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, ஸ்டுடியோவை மூடப் போவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு கேமுக்கும் செலவும் ஆபத்தும் கூடிக்கொண்டே போகிறது, இத்தனை ஆண்டு உழைப்பு தங்கள் சொந்த வாழ்க்கையையும் பாதித்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஆனாலும் பொறுப்பை விடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கேமுக்கு இரண்டு கூடுதல் பகுதிகளை வெளியிட்ட பிறகே விடைபெற்றார்கள். தொழில் தெரிந்தவர்கள், நல்ல பெயர், நல்ல பொருள் எல்லாம் இருந்தும் கணக்கு நேராகவில்லை என்பதுதான் இதிலுள்ள வருத்தம்.

ஹிட்மேன் மட்டும் எப்படிப் பிழைத்தது?

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் உள்ள ஐஓ இன்டராக்டிவ் அதைக் காட்டியது.

இவர்களின் ஹிட்மேன் வரிசை 2000-ல் தொடங்கியது. 2012-ல் வந்த ஹிட்மேன்: அப்சல்யூஷன் சுமார் 36 லட்சம் விற்றும் இலக்கை எட்டவில்லை என்று ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் கூறியது. 2016-ல் புதிய ஹிட்மேனை ஆறு தனித்தனி ஊர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். 2017-ல் ஸ்கொயர் எனிக்ஸ் சுமார் 490 கோடி யென் நஷ்டக் கணக்கு எழுதி ஒதுங்கிக் கொண்டது. ஊழியர்கள் சிலர் வேலை இழந்தார்கள். ஆனால் நிர்வாகிகளே நிறுவனத்தை வாங்கி, ஹிட்மேன் உரிமையையும் தங்களிடமே வைத்துக் கொண்டார்கள். 2018-ல் இரண்டாம் பாகம் வந்தது. நம் மும்பை நகரம் அதில் ஒரு களம். 2021 ஜனவரியில் மூன்றாம் பாகத்தைத் தாங்களே வெளியிட்டு, ஒரு வாரத்திற்குள் தயாரிப்புச் செலவை மீட்டதாக அறிவித்தார்கள்.

இவர்கள் செய்தது என்ன? காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஹிட்மேனில் இருட்டு தேவையில்லை. மாறுவேடம் போட்டுக் கொண்டு பட்டப்பகலில், பாரிஸ் பேஷன் ஷோ கூட்டத்தின் நடுவே நடக்கலாம். ஆகவே டிரெய்லரில் நன்றாகக் காட்ட முடிகிறது. ஒரு வேடம் கலைந்தால் இன்னொன்று போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் குறைவு. ஒரே ஊரைப் பல முறை, பல வழிகளில் ஆடச் செய்கிறார்கள். எனவே நான்கு வழி அமைத்த செலவு வீணாவதில்லை. குறிப்பிட்ட நாட்கள் மட்டும் வரும் புதிய இலக்குகளைச் சேர்த்து, பழைய ஊர்களுக்கே நம்மைத் திரும்ப அழைக்கிறார்கள். தொடக்கப் பகுதியை இலவசமாகவும் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாரக் கூட்டத்தை மட்டும் நம்பாமல், ஆண்டுக்கணக்கில் மெதுவாக விற்கும் பொருளாக அதை நடத்தினார்கள். மெதுவாக ரசிக்கும் கேமை மெதுவாகத்தான் விற்க வேண்டும் என்பதே இதில் நான் காணும் பாடம்.

வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்க

இந்த வகை உங்களுக்குப் பிடிக்குமா என்று அறிய, கீழ்க்காணும் வழிகளைப் பின்பற்றுங்கள்.

1. முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் திறனைப் பாருங்கள். விண்டோஸ் 10 மற்றும் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று சென்றால் பிராசசரும் ராம் அளவும் தெரியும். கேமின் பக்கத்தில் தந்துள்ள குறைந்தபட்சத் தேவையுடன் ஒப்பிட்டு, பிறகே பணம் கட்டுங்கள்.

2. பணம் செலவழிக்கும் முன் இலவசமாகத் தொடங்கலாம். தி டார்க் மோட் என்பது தீஃப் ரசிகர்களே கூடி உருவாக்கிய இலவச கேம். 2013 முதல் வேறு எந்த கேமும் இல்லாமல் தனியாகவே இயங்குகிறது. அதன் இணையதளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள்.

3. சக்தி வாய்ந்த கிராபிக்ஸ் கார்டு இல்லையா? கனடாவின் க்ளே நிறுவனம் 2012-ல் வெளியிட்ட மார்க் ஆஃப் தி நிஞ்ஜா பொருத்தமானது. பக்கவாட்டில் பார்த்து ஆடும் படம் போன்ற கேம். நீங்கள் எழுப்பும் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை வட்டமாக வரைந்தே காட்டிவிடும். புதியவர்களுக்கு இதுவே நல்ல ஆசிரியர்.

4. ஸ்பீக்கரை விட ஹெட்போன் நல்லது. காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

5. கேம் முதலில் கேட்கும் பிரைட்னெஸ் அமைப்பை அவசரமாகத் தாண்டாதீர்கள். மானிட்டரில் வெளிச்சம் படாதபடி ஜன்னல் திரையை மூடிவிட்டு அமையுங்கள்.

6. அறைக்குள் நுழைந்ததும் நகராதீர்கள். காவலாளி இரண்டு சுற்று முடிக்கும்வரை பாருங்கள். அடிக்கடி சேவ் செய்யுங்கள். விரைவாக சேவ் செய்யும் கீ எது என்பதை செட்டிங்ஸில் முதலிலேயே பார்த்து வைத்துக் கொள்ளுங்கள்.

7. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஹிட்மேன் வரிசை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது.

8. காப்பி செய்து விற்கப்படும் பிரதிகள் வேண்டாம். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வகையில் ஒவ்வொரு உண்மையான பிரதியும் கணக்கில் வரும். முழு விலை அதிகம் என்றால் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். காத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் பாடமும் கூட.

லுக்கிங் கிளாஸ் மூடி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால் தீஃப் கேமுக்கு ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய புதிய மாளிகைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2023 டிசம்பரில், அந்த கேமின் 25-ம் ஆண்டை ஒட்டி, தி பிளாக் பரேட் என்ற பத்து மிஷன்கள் கொண்ட முழு கேமையே இலவசமாக வெளியிட்டார்கள். அன்பு குறையவில்லை. ஆனால் அன்பால் மட்டும் ஒரு ஸ்டுடியோவின் மாதச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. அடுத்த முறை ஒரு கேமின் டிரெய்லரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றினால், உடனே மூடிவிடாதீர்கள். அதன் டெமோ இருக்கிறதா என்று தேடி, விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டி ஓர் அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.